கழிப்பறைக்கு ஒரு கணக்கு... உயிருக்கு ஒரு கணக்கு!

‘செப்டிக் டேங்க் சுத்தம் செய்தபோது விஷவாயு தாக்கி இருவர் பலி.’

செய்தித்தாளின் உள்பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி இது. ஊர் பெயரும் ஆட்களின் பெயரும் மட்டும்தான் மாறும். மற்றதெல்லாம் அச்சு அசல் ஒன்றுதான். முதலில் ஒருவர் உள்ளே இறங்குகிறார். கொஞ்ச நேரத்தில் சத்தமே இல்லை. என்ன ஆயிற்று என்று பார்க்க அடுத்தவர் இறங்குகிறார். அவரும் மேலே வரவில்லை. தீயணைப்பு வீரர்கள் வந்து உடல்களை மீட்கிறார்கள். போலீஸார் வழக்குப் பதிந்து விசாரிக்கிறார்கள். மறுநாள் அது பழைய பேப்பர்.

அதே செய்தித்தாளின் இன்னொரு பக்கத்தில் வேறொரு செய்தி வரும். இத்தனை லட்சம் கழிப்பறைகள் கட்டி முடித்தாயிற்று, சுகாதார இலக்கில் இத்தனை சதவிகிதம் எட்டியாயிற்று என்று. அதுவும் உண்மைதான். ஆனால், இந்த இரண்டு செய்திகளையும் யாரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதில்லை. ஒன்று ‘வளர்ச்சி’ என்ற நோட்டில் எழுதப்படுகிறது. இன்னொன்று ‘மனித உரிமை’ என்ற நோட்டில் எழுதப்படுகிறது. இரண்டு நோட்டுகளும் வேறு வேறு மேஜைகளில் இருக்கின்றன.

இரண்டையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவர வேண்டும் என்ற குரல் உலகெங்கும் சில ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அது ஏன் அவசியம் என்பதைப் புரிந்துகொள்ள ஐ.நா. சபை வரை போக வேண்டியதில்லை. நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் செப்டிக் டேங்க் மூடியைப் பார்த்தாலே போதும்.

17 இலக்குகள், 169 வாக்குறுதிகள்

2015 செப்டம்பர் 25 அன்று ஐ.நா. பொதுச்சபையில் 193 நாடுகள் சேர்ந்து ஒரு திட்டத்தை ஏற்றுக்கொண்டன. ‘நிலையான வளர்ச்சி இலக்குகள்’ என்று அதற்குப் பெயர். வறுமை ஒழிப்பு, பசி ஒழிப்பு, கல்வி, பெண்கள் சமத்துவம் என மொத்தம் 17 இலக்குகள். அவற்றுக்குக் கீழே 169 உள்இலக்குகள். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வாக்குறுதியும் இருக்கிறது: ‘யாரையும் விட்டுவிட மாட்டோம்’. கெடு, 2030.

இதில் 6-வது இலக்கு தண்ணீரும் சுகாதாரமும். எல்லோருக்கும் கழிப்பறை, திறந்தவெளியில் மலம் கழிக்கும் நிலைக்கு முடிவு என்கிறது அது. இந்தியா இதில் காட்டிய வேகம் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா திட்டம் தொடங்கியது. ஐந்தே ஆண்டுகளில் 10 கோடிக்கும் மேற்பட்ட கழிப்பறைகள் கட்டப்பட்டதாக அரசு சொன்னது. 2019 அக்டோபர் 2, காந்தியின் 150-வது பிறந்தநாளில், அகமதாபாத் சபர்மதி ஆற்றங்கரையில் நடந்த விழாவில், கிராமப்புற இந்தியா திறந்தவெளி மலம் கழித்தலில் இருந்து விடுபட்டுவிட்டதாகப் பிரதமர் அறிவித்தார்.

இருட்டும்வரை காத்திருந்து காட்டுப்பக்கம் போக வேண்டியிருந்த பெண்களுக்கு வீட்டுக்குள் ஒரு கழிப்பறை என்பது சாதாரண விஷயமில்லை. அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. கேள்வி அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. கழிப்பறை கட்டியாயிற்று. குழி நிறைந்தால் யார் காலி செய்வது?

கேட்கப்படாத கேள்வி

6-வது இலக்கை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. ‘பாதுகாப்பாகக் கையாளப்படும் சுகாதார வசதி’ மக்களில் எத்தனை சதவிகிதம் பேருக்கு இருக்கிறது என்று அது கேட்கிறது. கழிப்பறையை ஒரு குடும்பம் மட்டும் பயன்படுத்துகிறதா? கழிவு அங்கேயே பத்திரமாக மட்கிறதா, அல்லது எடுத்துச் சென்று சுத்திகரிக்கப்படுகிறதா? இவைதான் அதன் கேள்விகள். கழிவு எங்கே போனது என்று கேட்கும் அந்த அளவுகோல், அதை எடுத்தவர் உயிரோடு வீடு திரும்பினாரா என்று கேட்பதில்லை.

அதைக் கேட்க வேறோர் இடம் இருக்கிறது. 8-வது இலக்கு, எல்லாத் தொழிலாளர்களுக்கும் பாதுகாப்பான பணிச்சூழல் வேண்டும் என்கிறது. வேலையில் நேரும் மரணங்களையும் காயங்களையும் கணக்கிடச் சொல்கிறது. ஆண், பெண், புலம்பெயர்ந்தவர் என்று பிரித்துப் பார்க்கவும் சொல்கிறது. ஆனால், சாதி வாரியாகப் பார்க்கச் சொல்லவில்லை. 17 இலக்குகளிலும் 169 உள்இலக்குகளிலும் தேடினாலும் ‘சாதி’ என்ற சொல் கிடைக்காது.

இந்தியாவில் இந்த வேலையைச் செய்பவர்கள் யார் என்பது ஊரறிந்த ரகசியம். பாதாளச் சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களுக்காக ‘நமஸ்தே’ என்ற திட்டத்தை மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்தது. அதன் கீழ் 2024 வரை விவரம் திரட்டப்பட்ட சுமார் 38,000 பேரில் 68.9 சதவிகிதம் பேர் பட்டியல் சமூகத்தினர். பழங்குடியினரையும் பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 91.9 சதவிகிதம். பொதுப்பிரிவினர் சுமார் 8 சதவிகிதம்தான். இந்த வேலைக்கு விளம்பரமோ நேர்முகத்தேர்வோ கிடையாது. பிறப்பே ஆளைத் தேர்ந்தெடுத்துவிடுகிறது.

கண்ணாடியை மாற்றச் சொன்னவர்

தண்ணீரும் சுகாதாரமும் மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை 2010 ஜூலையில் அறிவித்தது. அந்த உரிமை ஒவ்வொரு நாட்டிலும் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கென்றே ஒரு சிறப்பு அறிக்கையாளரை ஐ.நா. நியமித்திருக்கிறது. அந்தப் பொறுப்பில் இருந்த பிரேசில் நாட்டுப் பேராசிரியர் லியோ ஹெல்லர், 2017 அக்டோபர் கடைசியில் இந்தியா வந்தார். இரண்டு வாரங்கள் சுற்றிப் பார்த்தார்.

தூய்மை இந்தியா திட்டத்தின் சின்னம் காந்தியின் மூக்குக்கண்ணாடி. போன இடமெல்லாம் அந்தச் சின்னத்தைப் பார்த்த ஹெல்லர், அந்தக் கண்ணாடியில் மனித உரிமை என்ற லென்ஸைப் பொருத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று சொன்னார். கழிப்பறை கட்டும் வேகத்தில், கையால் மலம் அள்ளும் சமூகத்தினரின் உரிமை தெரியாமல்கூட மீறப்பட்டுவிடக் கூடாது என்றும் எச்சரித்தார்.

மத்திய அரசுக்குக் கோபம் வந்தது. தேசப்பிதாவை அவமதிக்கும் பேச்சு என்று கண்டித்து, அவருடைய கருத்துகளை நிராகரித்தது. அந்தச் சண்டை ஓரிரு நாள் தலைப்புச் செய்தியாக ஓடியது. அவர் எழுப்பிய கேள்வி மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

ஒரே சாவு, இரண்டு பெயர்

சட்டம் இல்லாமல் இல்லை. கையால் மலம் அள்ள ஆள் வைப்பதைத் தடை செய்து 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. போதவில்லை என்று 2013-ல் இன்னும் கடுமையான சட்டம் வந்தது. அதன்படி, பாதுகாப்பு உபகரணம் கொடுக்காமல் ஒருவரைப் பாதாளச் சாக்கடையிலோ செப்டிக் டேங்க்கிலோ இறக்கிச் சுத்தம் செய்ய வைத்தால், முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடியும் செய்தால் 5 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம். மாநகராட்சிக்கும் ஒப்பந்ததாரருக்கும் மட்டுமல்ல, தனிநபருக்கும் இது பொருந்தும். அதாவது வீட்டு உரிமையாளருக்கும்.

அப்படியும் சாவு நிற்கவில்லை. 2019 முதல் 2023 வரையிலான ஐந்து ஆண்டுகளில் 377 பேர் இப்படி இறந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் சொல்லியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால், ஏறத்தாழ ஐந்து நாளைக்கு ஓர் உயிர்.

இங்கேதான் ஒரு சொல் விளையாட்டு நடக்கிறது. ‘கையால் மலம் அள்ளும் தொழிலால் யாராவது இறந்தார்களா?’ என்று எம்.பி.க்கள் கேட்கும்போது, ‘அப்படி எந்தத் தகவலும் இல்லை’ என்று அரசு பலமுறை பதில் சொல்லியிருக்கிறது. பிறகு ஏது இந்த 377? அவை ‘அபாயகரமான முறையில் சாக்கடை, செப்டிக் டேங்க் சுத்தம் செய்ததால்’ நேர்ந்த மரணங்கள். 2013 சட்டம் இரண்டுக்கும் தனித்தனி விளக்கம் கொடுத்திருப்பதால், ஒரு நெடுவரிசையில் பூஜ்யமும் பக்கத்து நெடுவரிசையில் 377-ம் விழுகின்றன. அறிக்கையில் பூஜ்யத்தை மட்டும் எடுத்து எழுதினால் பிரச்னையே தீர்ந்த மாதிரி இருக்கும்.

இந்த மரணங்களை அரசு ஒரு சமூகத் தணிக்கைக்கும் உட்படுத்தியது. 2022, 2023-ல் நடந்த 54 மரணங்களை ஆராய்ந்தார்கள். அதில் 49 பேரிடம் எந்தப் பாதுகாப்பு உபகரணமும் இல்லை. பெரும்பாலானோர் அரசுப் பணியாளர்களும் இல்லை. தனிப்பட்ட முறையில் கூலி பேசி அழைத்துவரப்பட்டவர்கள்.

எண்ணியவர்கள்

இந்தச் சாவுகள் இவ்வளவு தூரம் வெளியே தெரிந்ததற்கே, யாரோ விடாமல் எண்ணியதுதான் காரணம். கர்நாடகத்தின் கோலார் தங்கவயலில், தூய்மைப் பணியாளர் குடும்பத்தில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். அவரும் தோழர்களும் உருவாக்கிய ‘சஃபாய் கரம்சாரி ஆந்தோலன்’ அமைப்பு ஊர் ஊராகப் போய்க் கணக்கெடுத்தது. எங்கே உலர் கழிப்பறை இருக்கிறது, யார் அள்ளுகிறார்கள், எந்தக் குழியில் யார் இறந்தார்கள் என்று பெயரோடும் படத்தோடும் திரட்டியது. 2003-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

2015 டிசம்பர் 10, மனித உரிமை நாள். அன்று கிளம்பிய அவர்களின் ‘பீம் யாத்திரை’, 125 நாள்கள் நாடு முழுக்கச் சுற்றி, அம்பேத்கரின் 125-வது பிறந்தநாளை ஒட்டி டெல்லியில் முடிந்தது. ‘எங்களைக் கொல்லாதீர்கள்’ என்பதுதான் கோஷம். 2016-ல் வில்சனுக்கு மகசேசே விருது கிடைத்தது.

மனித உரிமைக் கண்காணிப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான். நடந்ததை, நடந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, எண்ணி, எழுதி, பொறுப்பானவர் முன்னால் வைப்பது.

வைத்ததற்குப் பலன் கிடைத்தது. 2014 மார்ச் 27-ல் உச்ச நீதிமன்றம், 1993 முதல் சாக்கடையில் இறந்தவர்களின் குடும்பங்களைக் கண்டறிந்து தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டது. 2023 அக்டோபர் 20-ல் வந்த இன்னொரு தீர்ப்பு அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக முடமானால் 20 லட்சத்துக்குக் குறையாமல் தர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா, பெங்களூரு, ஹைதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களில் ஆள் இறங்கிச் சாக்கடை சுத்தம் செய்யும் வழக்கத்தை அடியோடு நிறுத்தச் சொன்னது.

தமிழ்நாடும் இதில் தள்ளி நின்று வேடிக்கை பார்க்க முடியாது. 1993 முதலான மரணங்களை மாநில வாரியாக மத்திய அரசு 2021-ல் வெளியிட்ட பட்டியலில், 200-க்கும் மேற்பட்ட உயிர்களோடு முதலிடத்தில் இருந்தது தமிழ்நாடுதான்.

இரண்டு நோட்டையும் சேர்த்தால்...

வளர்ச்சி இலக்குகளுக்கு ஒரு பலவீனம் உண்டு. எவ்வளவு முன்னேறினோம் என்று ஒவ்வொரு நாடும் தானே அறிக்கை எழுதி ஐ.நா. மன்றத்தில் வைக்கும். இந்தியா 2017-லும் 2020-லும் அப்படி வைத்தது. பெயரே ‘தன்னார்வ’ அறிக்கைதான். மாணவனே தன் ரேங்க் கார்டை எழுதுவது மாதிரி. மதிப்பெண் குறைந்த பாடத்தை எழுதாமல் விட்டாலும் கேட்க ஆள் இல்லை.

மனித உரிமை ஏற்பாடு வேறு மாதிரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடு அதற்குக் கட்டுப்பட்டது. நாலரை ஆண்டுக்கு ஒரு முறை ஒவ்வொரு நாட்டின் மனித உரிமை நிலையும் ஜெனீவாவில் மறுஆய்வுக்கு வரும். மற்ற நாடுகள் கேள்வி கேட்கும். தன்னார்வ அமைப்புகளும் தனியாகத் தகவல் கொடுக்கலாம். ஆனால், இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. வளர்ச்சித் திட்டங்களுக்கு இருக்கும் பட்ஜெட்டும் கெடுவும் இலக்கு எண்களும் இங்கே கிடையாது.

இரண்டையும் சேர்த்தால் ஒன்றின் குறையை மற்றொன்று தீர்க்கும். டென்மார்க்கில் உள்ள மனித உரிமை நிறுவனம் 169 உள்இலக்குகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தது. அதில் 90 சதவிகிதத்துக்கும் மேல் ஏதாவது ஒரு மனித உரிமை அல்லது தொழிலாளர் ஒப்பந்தத்தோடு நேரடியாகப் பொருந்துகிறது என்று கண்டது. ஐ.நா. மனித உரிமை அலுவலகத்தின் தகவல் தளத்தில், எந்த நாட்டுக்கு எந்தப் பரிந்துரை தரப்பட்டது, அது எந்த வளர்ச்சி இலக்கோடு சேரும் என்று இப்போது யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கலாம்.

சாதி என்ற சொல் இலக்குகளில் இல்லாவிட்டாலும் ஒரு வாசல் திறந்திருக்கிறது. 17-வது இலக்கில், வருமானம், பாலினம், வயது, இனம் என்று பிரித்துப் புள்ளிவிவரம் திரட்டச் சொல்லும் இடத்தில், ‘அந்தந்த நாட்டுக்குப் பொருத்தமான மற்ற அடையாளங்கள்’ என்றும் சேர்த்திருக்கிறார்கள். இந்தியாவுக்குப் பொருத்தமான அந்த அடையாளம் எது என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கண்காணிப்பவர்களையும் கண்காணிக்கிறார்கள். சுதந்திரமான தேசிய மனித உரிமை ஆணையம் ஒரு நாட்டில் இருக்கிறதா என்பது 16-வது இலக்கின் அளவுகோல்களில் ஒன்று. உலக அளவிலான ஆணையங்களின் கூட்டமைப்பு, இந்திய ஆணையத்துக்கான அங்கீகாரத்தைப் புதுப்பிக்கும் முடிவை 2023-லும் 2024-லும் அடுத்தடுத்துத் தள்ளிவைத்தது நினைவிருக்கலாம்.

சேர்த்துப் பார்ப்பதால் களத்தில் என்ன மாறும்? கழிப்பறையின் வடிவமே மாறும். இரட்டைக் குழி முறையில், ஒரு குழி நிறைந்ததும் மூடிவிட்டு அடுத்ததைப் பயன்படுத்தலாம். மூடிய குழியில் இருப்பது ஓரிரு ஆண்டில் மட்கி எருவாகிவிடும். பச்சைக் கழிவை யாரும் தொட வேண்டியதில்லை. செப்டிக் டேங்க் அப்படியில்லை. அதில் சேரும் கசடை வெளியேற்றியே ஆக வேண்டும். எந்த வகைக் கழிப்பறைக்கு மானியம், எத்தனை கழிவுநீர் லாரிகள், எத்தனை சுத்திகரிப்பு நிலையங்கள் என்று முடிவெடுக்கும்போதே, குழியில் இறங்குபவரின் உயிரும் கணக்கில் வந்துவிடும்.

நல்ல உதாரணங்களும் இருக்கின்றன. ஹைதராபாத் குடிநீர் வாரியம் 2017-ல் குறுகிய சந்துகளில் நுழையும் 70 சிறிய இயந்திர வண்டிகளைக் களமிறக்கி, தலித் தொழில்முனைவோர் மூலம் இயக்கியது. டெல்லி 2019-ல் 200 வண்டிகளோடு அதே வழியில் போனது. நேற்று வரை குழிக்குள் இறங்கிய சமூகத்துக்கு இயந்திரம் சொந்தமாகும்போது, வேலையும் போகாது, உயிரும் போகாது.

நம் வீட்டு மூடியிலிருந்து தொடங்கலாம்

இறந்தவர்களில் பலரை அழைத்து வந்தது தனியார் வீடுகளும் கட்டடங்களும்தான் என்பதால், ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதில் பங்கு இருக்கிறது.

• யாரையும் இறங்கச் சொல்லாதீர்கள். ‘ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு வாப்பா’ என்றுகூட வேண்டாம். குழிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்து, நாற்றமே தெரியாது. ‘நாற்றம் இல்லை, பரவாயில்லை’ என்று நினைப்பதுதான் பெரிய ஆபத்து.

• 2, 3 ஆண்டுக்கு ஒரு முறை லாரி மூலம் கசடை உறிஞ்சி எடுத்துவிடுங்கள். பத்து வருடம் விட்டுவிட்டால் கசடு இறுகிவிடும். குழாயால் உறிஞ்ச முடியாதபோதுதான் ஆளை இறக்கும் பேச்சு வருகிறது. தமிழ்நாட்டில் 14420 என்ற எண்ணில் லாரிக்கு முன்பதிவு செய்யலாம்.

• நாப்கின், டயப்பர், துணி, பிளாஸ்டிக் எதையும் கழிப்பறையில் போடாதீர்கள். அடைப்பு எடுக்கத்தான் ஆள் தேவைப்படுகிறது.

• புது வீடு கட்டுகிறீர்களா? லாரிக் குழாய் எட்டும் இடத்தில் டேங்க் மூடி இருக்கட்டும்.

• யாராவது உள்ளே விழுந்துவிட்டால், காப்பாற்றுகிறேன் என்று பின்னாலேயே இறங்காதீர்கள். அப்படி இறங்கியவர்கள்தான் இரண்டாவது, மூன்றாவது பலி. உடனே 112 அல்லது 101-ஐ அழையுங்கள்.

• மரணம் நடந்துவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு உரிமை. இறந்தவர் பட்டியல் சமூகத்தவர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் பொருந்தலாம். தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தமிழிலேயே, கட்டணம் இல்லாமல், ஓராண்டுக்குள் புகார் எழுதலாம். எழுதத் தெரியாத குடும்பமாக இருந்தால் எழுதிக் கொடுக்க பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் போதும். அப்படி எழுதும் ஒவ்வொரு புகாரும் அந்த இரண்டாவது நோட்டில் ஏறும் ஒரு வரி.

2030-க்கு அதிக நாள் இல்லை. அன்று கழிப்பறைக் கணக்கு 100 சதவிகிதத்தைத் தொட்டாலும் தொடலாம். அதன் பக்கத்திலேயே, குழியில் இறந்தவர்கள் எத்தனை பேர் என்றும் ஒரு வரி எழுதியாக வேண்டும். அந்த வரியில் வரும் பூஜ்யம், சொல்லை மாற்றிப் போட்டு வந்ததாக இருக்கக் கூடாது. ‘விஷவாயு தாக்கி இருவர் பலி’ என்ற செய்தி எந்த ஊர்ப் பெயரோடும் வராமல் நின்றுபோனதால் வந்த பூஜ்யமாக இருக்க வேண்டும்.